ரீஜனல் சென்டர்: சட்டத்துக்கு ஐந்து நட்சத்திரம், நடைமுறைக்கு இரண்டரை

எங்கள் பே ஏரியா தமிழ்ப் பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் மாதம் ஒருவராவது இந்தக் கேள்வியோடு வந்துவிடுவார்: "அக்கா, பையனுக்கு ஆட்டிசம்னு சொல்லிட்டாங்க. ரீஜனல் சென்டர்ல பதிவு பண்ணலாமா? பிரயோஜனம் உண்டா?" ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக வாய்ஸ் மெசேஜ் அனுப்பித் தொண்டை காய்ந்ததுதான் மிச்சம். அதனால் ஒரேயடியாக எழுதியே வைத்துவிடுகிறேன். ரீஜனல் சென்டர் என்பது ஆட்டிசம் மாதிரி வளர்ச்சிசார் குறைபாடு உள்ளவர்களுக்குக் கலிஃபோர்னியாவில் உதவிகளை ஏற்பாடு செய்துதரும் மையம்.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பதிவு பண்ணுங்கள், தள்ளிப்போடாதீர்கள். திட்டுவதற்கு நிறைய இருக்கிறது, அதெல்லாம் அப்புறம்.

என் மகனுக்கு 14 வயது. ஆட்டிசம், கூடவே அறிவுசார் குறைபாடும் உண்டு. பேச்சு கொஞ்சம்தான், மீதியை ஐபேடில் தட்டிச் சொல்வான். கைக்குழந்தைப் பருவம் தாண்டியதிலிருந்து நாங்கள் இந்தச் சேவையின் வாடிக்கையாளர்கள். கலிஃபோர்னியா முழுக்க இப்படி 21 மையங்கள் உண்டு. எங்களுடையது எந்த ஊர் மையம் என்று சொல்லப்போவதில்லை. மற்ற ஊர்ப் பெற்றோரிடம் பேசிப் பார்த்தால் கதை எல்லா இடத்திலும் ஏறக்குறைய ஒன்றுதான்.

பெயரைக் கேட்டால் அரசு அலுவலகம் என்றுதான் தோன்றும். அது இல்லை. ஒவ்வொரு மையமும் லாப நோக்கமில்லாத தனி நிறுவனம். பணமும் விதிகளும் சாக்ரமென்டோவில் இருக்கிற மாநிலத் துறையிலிருந்து வருகின்றன, ஆளும் மேசையும் இவர்களுடையது. குறை சொல்லப் போனால் இவர்கள் துறையைக் காட்டுவார்கள், துறை இவர்களைக் காட்டும். ஆனால் யார் கையில் காசு இருந்தாலும் பொறுப்பு மாநிலத்தினுடையது என்று 1969இல் வந்த லான்டர்மன் சட்டம் தெளிவாகவே சொல்கிறது. வளர்ச்சிசார் குறைபாடு உள்ள ஒருவர் வீட்டிலும் ஊரிலும் மற்றவர்களோடு சேர்ந்து வாழத் தேவையானதை மாநிலம் செய்துதர வேண்டும், பட்ஜெட்டில் மிச்சம் இருந்தால் தருகிற சலுகை இல்லை இது. 1985இல் மாநில உச்ச நீதிமன்றமும் இது உரிமை என்றே தீர்ப்புச் சொன்னது. இந்தச் சட்டத்தைக் கொண்டுவந்த ஃபிராங்க் லான்டர்மன் ஒரு குடியரசுக் கட்சி உறுப்பினர். இன்றைய அரசியலைப் பார்ப்பவர்களுக்கு நம்பக் கஷ்டமாகத்தான் இருக்கும்.

இந்தச் சட்டத்துக்கு முன்னால் என்ன இருந்தது என்று தெரிய, சாண்டா கிளாராவில் ஆரக்கிள் வளாகத்துக்குப் போய்வந்தால் போதும். நம்மவர்கள் எத்தனையோ பேர் அங்கே பேட்ஜைத் தேய்த்துக்கொண்டு உள்ளே போகிறார்கள். மணிக்கூண்டு வைத்த அந்தப் பழைய கட்டடங்கள் ஆக்னியூஸ் அரசு மருத்துவமனையினுடையவை. 1906 நிலநடுக்கத்தில் இடிந்து விழுந்து நூறு பேருக்கு மேல் இறந்த இடம். முதலில் மனநோயாளிகளுக்கு, பின்னால் என் மகனைப் போன்றவர்களுக்கு. 1968இல் மாநிலம் முழுவதும் இந்த மாதிரி விடுதிகளில் சுமார் 13,400 பேர் இருந்தார்கள். பிள்ளையை வளர்க்க உதவி வேண்டுமா, கொண்டுவந்து விட்டுவிட்டுப் போங்கள் என்பதுதான் அன்றைக்கு மாநிலத்தின் பதில். வேண்டாம் என்றால் வீட்டில் நீங்களே பார்த்துக்கொள்ள வேண்டும், ஒரு காசு வராது. ஆக்னியூஸின் கடைசிப் பகுதி மூடப்பட்டது 2009இல்தான். ரீஜனல் சென்டரைத் திட்டிக்கொண்டே அந்த வழியாக வண்டி ஓட்டும்போது எனக்குக் கோபம் கொஞ்சம் குறைந்துவிடும்.

சரி, சேவைக்கு வருவோம்.

மூன்று வயதுக்கு முந்தைய கட்டம், அதாவது ஏர்லி ஸ்டார்ட், உண்மையாகவே நல்ல சேவை. விண்ணப்பித்த 45 நாளுக்குள் பரிசோதனை முடித்துத் திட்டம் போட்டுத் தர வேண்டும், எங்களுக்குத் தந்தார்கள். பேச்சுப் பயிற்சியாளர் வீட்டுக்கே வருவார். வந்ததும் தரையில் உட்கார்ந்து சோப்புக் குமிழ் ஊதுவார், அவன் கண்ணைப் பார்க்கும் வரை அடுத்த குமிழை ஊதமாட்டார். அதையே எனக்கும் சொல்லிக் கொடுத்தார். கும்பகோணத்தில் இருக்கும் என் அம்மா போனில் கேட்டது ஞாபகம் இருக்கிறது: "கவர்மென்ட்டே வீட்டுக்கு ஆள் அனுப்புதா? காசு வாங்காமலா?" ஆமாம் அம்மா, வாங்காமல்தான்.

மூன்று வயது முடிந்ததும் பயிற்சிப் பொறுப்பு பள்ளி மாவட்டத்துக்குப் போய்விடும். ரீஜனல் சென்டரில் ஐந்து வயதுக்குப் பிறகும் நீடிக்க வேண்டுமானால் வேறு அளவுகோல். ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, செரிப்ரல் பால்சி, வலிப்பு ஆகியவற்றில் ஒன்றோ, அறிவுசார் குறைபாட்டுக்கு நெருக்கமான வேறு நிலையோ இருக்க வேண்டும். அது 18 வயதுக்குள் தொடங்கியிருக்க வேண்டும். அதோடு தன்னைக் கவனித்துக்கொள்வது, மொழி, கற்றல், நடமாட்டம் என்று வரும் ஏழு துறைகளில் மூன்றிலாவது பெரிய சிரமம் இருக்க வேண்டும். "டயக்னோஸிஸ் இருக்கே, ஏன் மறுத்துட்டாங்க?" என்று குழுவில் புலம்புகிறவர்களில் பலர் இந்த மூன்று துறை விஷயத்தில்தான் மாட்டுகிறார்கள். டாக்டர் கடிதம் மட்டும் போதாது. அன்றாடம் என்ன முடியவில்லை என்பதைக் காகிதத்தில் காட்ட வேண்டும். பெற்றோரின் சம்பளத்தைப் பார்த்துத் தகுதி முடிவுசெய்வதில்லை. விசா நிலையும் கேட்பதில்லை, கலிஃபோர்னியாவில் குடியிருந்தால் போதும். எச்-1பியில் இருப்பவர்கள் பயந்து ஒதுங்க வேண்டாம் என்பதற்காகவே இதைச் சொல்கிறேன். மெடி-கால், அதாவது மாநிலத்தின் மருத்துவ உதவிக் காப்பீடு, சம்பந்தப்பட்டவற்றுக்கு விதி வேறு, அதைக் குடியேற்ற வக்கீலிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

உள்ளே வந்தாயிற்று. இங்கேதான் நட்சத்திரங்கள் உதிர ஆரம்பிக்கும். மெனு கார்டு தராத மெஸ் மாதிரி இந்த இடம். அடுத்த மேசையில் என்ன சாப்பிடுகிறார்கள் என்று எட்டிப் பார்த்துத்தான் ஆர்டர் பண்ண வேண்டும். பெற்றோருக்குக் கொஞ்ச நேரம் ஓய்வு தரும் ரெஸ்பிட் என்று ஒன்று இருப்பது எனக்குத் தெரியவந்தது பூங்காவில் ஒரு மெக்சிகோ நாட்டு அம்மா சொல்லித்தான். விடுதிக்குப் பதில் வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ள உதவும் மாநிலத்தின் வேவர் திட்டத்தில் பிள்ளையைச் சேர்த்தால் பெற்றோரின் வருமானத்தைக் கணக்கில் எடுக்காமல் பிள்ளைக்கு மெடி-கால் கிடைக்கும் என்பது குழுவில் ஒரு அண்ணன் சொல்லி. அந்த மெடி-காலை வைத்துக் கவுன்டியின் வீட்டுப் பராமரிப்புத் திட்டத்தில் பெற்றோரே சம்பளம் வாங்கிக்கொண்டு பார்த்துக்கொள்ளலாம் என்பது அந்த அண்ணனின் மனைவி சொல்லி. மையத்தில் எங்கள் கோப்பைப் பார்க்கும் ஒருங்கிணைப்பாளர் இதில் ஒன்றையும் தானாகச் சொன்னதில்லை.

அவரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை என்பதும் தெரியும். வேவரில் இருப்பவர்களுக்கு ஒரு ஒருங்கிணைப்பாளருக்குச் சராசரி 62 பேர்தான் இருக்கலாம் என்று விதி சொல்கிறது. 62 குடும்பம் என்பதே அதிகம், நடப்பில் அதையும் தாண்டிப் போகிறது. ஒருவர் நம் பிள்ளையின் பெயரைச் சரியாக உச்சரிக்கப் பழகும் நேரத்தில் வேலையை விட்டுப் போய்விடுவார். அப்புறம் புது ஆளுக்கு முதலிலிருந்து எல்லாவற்றையும் ஒப்பிக்க வேண்டும். இப்போது ஒரு பக்கத்தில் அவனைப் பற்றிய சுருக்கத்தை அச்சடித்து வைத்திருக்கிறேன். ஒவ்வாமை, பயம், பிடித்தது, ஓடிவிடும் பழக்கம், எல்லாம் அதில் இருக்கும். புது ஆள் வந்தால் முதலில் அந்தத் தாள்தான் கைக்குப் போகும்.

ஐபிபி கூட்டத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லியாக வேண்டும். நம்மவர்கள் கோட்டை விடுவது அங்கேதான். பிள்ளைக்கு என்னென்ன தேவை, எதை யார் தருவது என்று எழுதிக் கையெழுத்துப் போடும் கூட்டம் அது. அந்தக் காகிதத்தில் ஏறாத எதற்கும் மையம் காசு தராது. மூன்று வருடத்துக்கு ஒரு முறையாவது நடத்தியாக வேண்டும், நடுவில் நாம் கேட்டால் 30 நாளுக்குள் கூட்ட வேண்டும். ஒருங்கிணைப்பாளர் பெரும்பாலும் வீட்டுக்கே வருவார். வந்துவிட்டால் போதும், நம் வீடுகளில் அவர் விருந்தாளி. தரையைத் துடைத்து, கேசரி கிளறி, பிள்ளைக்குத் தலை சீவி உட்கார வைத்துவிடுவோம்.

"பல் தானாகத் தேய்ப்பானா?"

"தேய்ப்பான்."

"சட்டை பொத்தான்?"

"அதெல்லாம் போட்டுக்குவான்."

நிஜத்தில் பேஸ்ட்டை நாம் வைத்து, பிரஷ்ஷைக் கையில் திணித்து, பின்னால் நின்று முழங்கையைப் பிடித்து ஆட்டினால்தான் பல் தேயும். பொத்தான் வைத்த சட்டையே எங்கள் வீட்டில் கிடையாது, எல்லாம் டி-ஷர்ட். ஆனால் மூன்றாம் மனுஷர் எதிரில் பிள்ளையை விட்டுக்கொடுத்துப் பேச நமக்கு நா எழாது. அவர் லேப்டாப்பில் 'சுயமாகச் செய்கிறார்' என்று தட்டிக்கொண்டு போய்விடுவார், அதோடு உதவி மணி நேரமும் போய்விடும். அந்த ஒரு மணி நேரத்துக்குப் பெருமையைக் கழற்றி ஆணியில் மாட்டுங்கள். மோசமான நாள் எப்படி இருக்கும் என்று சொல்லுங்கள். எத்தனை தடவை எழுந்தோம், எதை உடைத்தான், கடையில் என்ன நடந்தது என்று இரண்டு வாரம் குறித்துவைத்த தாள் இருந்தால் இன்னும் நல்லது.

எங்கள் கடைசிக் கூட்டத்தின்போது அம்மா ஊரிலிருந்து வந்திருந்தார். நான் ஒரு பக்கம் அவன் ராத்திரி தூங்காததைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன், அம்மா சோஃபாவிலிருந்து "ஹீ குட் பாய், ஆல் டூயிங்" என்று குறுக்கே விழுகிறார். பேரனை யாரோ குறை சொல்வதாக அவருக்குக் கோபம். ஒருங்கிணைப்பாளர் சிரித்துக்கொண்டே கேட்டார்: "ஓ, பாட்டி கூட இருக்கிறாரா?" அடுத்த வாரம் மின்னஞ்சல் வருகிறது: வீட்டில் உறவினர் உதவி இருப்பதால் ரெஸ்பிட் மணி நேரத்தை மறுபரிசீலனை செய்யலாமாம். சேவையை முடிவுசெய்யும்போது குடும்பமும் உறவும் தாமாகச் செய்யும் உதவியைக் கணக்கில் எடுக்கச் சட்டத்தில் இடம் உண்டு, அதைத்தான் பிடித்துக்கொண்டார்கள். அம்மா வந்திருப்பது பார்வையாளர் விசாவில். முட்டிவலி, இரண்டு மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்கும். பேரன் அவரைவிட ஒரு அடி உயரம். நான் அதிகம் வாதாடவில்லை, அவருடைய திரும்பும் டிக்கெட்டின் நகலை இணைத்து அனுப்பினேன். கூடவே ஒரு வரி: "சாதாரணப் பதினான்கு வயதுப் பையனை இரண்டு மணி நேரம் வீட்டில் தனியாக விட்டுவிட்டுக் கடைக்குப் போகலாம், இவனை ஐந்து நிமிடம் விட முடியாது." அதே வயதுக் குறைபாடில்லாத பிள்ளைக்குப் பெற்றோர் செய்வதற்கு மேல் எவ்வளவு தேவை என்பதுதான் பார்க்க வேண்டிய அளவு. அந்த வரியை எழுதிவைத்துக்கொள்ளுங்கள், எல்லா வயதுக்கும் பொருந்தும். மணி நேரம் குறையவில்லை.

ரெஸ்பிட் என்றால் பெற்றோர் கொஞ்சம் மூச்சு விட, பயிற்சி பெற்ற ஒருவர் வந்து பிள்ளையைப் பார்த்துக்கொள்வது. 2009 நிதி நெருக்கடியில் மூன்று மாதத்துக்கு 90 மணி நேரம் என்று ஒரு உச்சவரம்பு போட்டார்கள். 2018இல் அதை எடுத்துவிட்டார்கள், ஆனால் இன்றும் அந்தப் பழைய எண்ணைச் சொல்லி மறுப்பதாகக் குழுவில் கேள்விப்படுகிறேன். மணி நேரம் கிடைப்பது ஒரு போராட்டம் என்றால் ஆள் கிடைப்பது இன்னொன்று. பே ஏரியா வாடகைக்கு அந்தச் சம்பளத்தில் யார் வருவார்கள்? எங்களுக்கு முதலில் வந்த பெண் தங்கமானவர், பொறுமைசாலி. ஆனால் நான் வைத்துவிட்டுப் போன தயிர்சாதத்தை மைக்ரோவேவில் கொதிக்க வைத்துக் கொடுத்துவிட்டார். என் மகன் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போய்க் குப்பைத் தொட்டியில் வைத்துவிட்டு, ஐபேடில் "பீட்சா" என்று தட்டியிருக்கிறான். நமக்குத் தெரிந்தவரையே ரெஸ்பிட் ஆளாகப் போட முடியும். முதலுதவிப் பயிற்சி முடித்து ஏஜென்சியில் சேர வேண்டும், அவ்வளவுதான். இப்போது வருவது பக்கத்துக் கல்லூரியில் படிக்கும் ஒரு மதுரைப் பையன். தயிர்சாதம் பிரச்சினை தீர்ந்தது. இரண்டு பேரும் சேர்ந்து கிரிக்கெட் ஹைலைட்ஸ் பார்க்கிறார்கள்.

அடுத்தது நீச்சல். தண்ணீரைக் கண்டால் என் மகன் வேறு ஆள் ஆகிவிடுவான், அதனால் பயமும் அதிகம். பொழுதுபோக்கு, முகாம் போன்றவற்றுக்கான பணத்தையும் 2009இல் நிறுத்தியிருந்தார்கள், 2021 ஜூலையில் சட்டத்தைத் திருத்தித் திரும்பக் கொண்டுவந்தார்கள். அதன்பேரில் தனிப் பயிற்சி வகுப்பு கேட்டேன். போனில் "அதற்கெல்லாம் ஃபண்டிங் இல்லை" என்றார்கள். நான் பதிலுக்குக் கேட்டது ஒன்றுதான்: "மறுப்பை எழுத்தில் நோட்டீஸாக அனுப்பிவிடுங்கள்." மறுத்தால் காரணம், சட்டப்பிரிவு, மேல்முறையீட்டு வழி எல்லாம் போட்டு எழுத்தில் தர வேண்டியது அவர்கள் கடமை. வாய்வார்த்தை கணக்கில் வராது. நோட்டீஸ் வரவே இல்லை. கொஞ்ச நாளில் அனுமதிக் கடிதம் வந்தது! அப்புறமும் ஒரு தலைவலி. அந்த நீச்சல் குளம் அவர்கள் பட்டியலில் இல்லாததால் முதலில் நாமே கட்டிவிட்டு ரசீது கொடுத்துத் திரும்ப வாங்க வேண்டும். எங்களால் முடிந்தது. இரண்டு வேலை பார்த்து வாடகை கட்டும் குடும்பத்தால் எப்படி முடியும்?

நோட்டீஸ் வந்தே விட்டால் 60 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். இருக்கிற சேவையைக் குறைப்பதாக இருந்தால் 30 நாளுக்குள் செய்துவிடுங்கள், விசாரணை முடியும் வரை பழையபடியே தர வேண்டும். வக்கீல் கட்டாயமில்லை. ஒவ்வொரு மையத்துக்கும் டிசெபிலிட்டி ரைட்ஸ் கலிஃபோர்னியா அமைப்பிலிருந்து ஒரு உரிமை ஆலோசகர் இருக்கிறார், இலவசம்.

கேட்கத் தெரிந்தவருக்கே கிடைக்கும் என்பதுதான் இந்த அமைப்பின் பெரிய ஓட்டை. எந்த இன, மொழி மக்களுக்கு எவ்வளவு செலவு செய்தோம் என்று ஒவ்வொரு மையமும் வருடாவருடம் வெளியிட வேண்டும் என்று விதி. அந்த அட்டவணைகளைப் பார்த்தால் வெள்ளையர் குடும்பங்களுக்கும் மற்றவர்களுக்கும் இடைவெளி பளிச்சென்று தெரியும். 4 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்குச் சேவை செய்யும் அமைப்பு இது, பாதிப் பேருக்குத் தங்கள் உரிமை என்ன என்று யாரும் உட்கார வைத்துச் சொன்னதில்லை என்பது என் அனுபவக் கணக்கு. சட்டத்துக்கு ஐந்து போட்டுவிட்டு நடைமுறைக்கு இரண்டரை போட்டது இதனால்தான்.

அப்படியும் இதை விட்டுப் போகாதீர்கள் என்று நான் சொல்வதற்குக் காரணம் டெக்சாஸ். இங்கே வீட்டை விற்கிற காசில் ஃபிரிஸ்கோவில் நீச்சல் குளத்தோடு வீடு வாங்கலாம் என்று வருடாவருடம் நாலு குடும்பம் கிளம்புகிறது. கிளம்புவதற்கு முன்னால் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். பள்ளிச் சேவை மத்திய சட்டத்தில் வருவதால் எந்த மாநிலத்திலும் உண்டு. வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்வதற்கான உதவி அப்படியில்லை. அது பெரும்பாலும் மெடிகெய்ட் (இங்கே மெடி-கால் என்று சொல்வதன் நாடு தழுவிய பெயர்) வேவர் வழியாக வருவது. 1981இல் அந்த ஏற்பாடு வந்தபோதே, இத்தனை பேருக்குத்தான் என்று வரம்பு வைக்க மாநிலங்களுக்கு அனுமதி கொடுத்துவிட்டார்கள். தேவையில்லாமல் ஒருவரை விடுதியில் அடைத்துவைப்பது பாரபட்சம் என்று 1999இல் ஓம்ஸ்டெட் வழக்கில் நாட்டின் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனால் காத்திருப்புப் பட்டியலே கூடாது என்று சொல்லவில்லை. டெக்சாஸில் முக்கியமான வேவர்களுக்குப் பத்து வருடத்துக்கு மேல் காத்திருக்கிறார்கள். அரிசோனா மாதிரி சில இடங்களில் நிலைமை பரவாயில்லை. நம் கோப்பு, ஐபிபி, மணி நேரம் எதுவும் மாநில எல்லையைத் தாண்டி வராது. அங்கே போய் வரிசையின் கடைசியில் நிற்க வேண்டியதுதான். போயே ஆக வேண்டும் என்றால், இறங்கிய வாரமே பிள்ளையின் பெயரை எல்லா வேவர் பட்டியலிலும் ஏற்றுங்கள். பெட்டி பிரிப்பதெல்லாம் அதற்கு அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

எங்களுக்கு இனி யோசனை பெரியவன் ஆன பிறகு என்ன என்பதுதான். 22 வயது வரை பள்ளி மாவட்டம் பார்த்துக்கொள்ளும், அதற்குப் பிறகு பகல் பொழுதும் ரீஜனல் சென்டர் பொறுப்பு. இப்போதே ஒன்றிரண்டு டே புரோகிராம்களைப் போய்ப் பார்த்தோம். ஒன்றில் ஒரு பெரிய ஹாலில் டிவியை வைத்துவிட்டு எல்லோரையும் சுற்றி உட்கார வைத்திருந்தார்கள். இன்னொன்றில் பஸ் ஏறி நூலகத்துக்குப் போய்ப் புத்தகம் அடுக்குகிறார்கள், மதியம் சமையல் பழகுகிறார்கள். அங்கே இடம் இல்லை. 2021 முதல் மாநிலம் முழுவதும் வந்திருக்கும் சுயநிர்ணயத் திட்டத்தில் பட்ஜெட்டை நம் கையில் கொடுத்துவிடுவார்கள், பட்டியலில் இல்லாதவர்களையும் நாமே அமர்த்திக்கொள்ளலாம். கணக்கு வழக்கு வேலை ஜாஸ்தி என்று சேர்ந்தவர்கள் சொல்கிறார்கள். சேர்ந்த பிறகு அதைப் பற்றித் தனியாக எழுதுகிறேன்.

குழந்தைக்கு மூன்று வயது ஆகவில்லை, ஏதோ சரியில்லை என்று தோன்றுகிறது என்றால் டாக்டர் கடிதத்துக்குக் காத்திருக்க வேண்டாம். நீங்களே மையத்துக்குப் போன் பண்ணலாம். மூன்று வயது தாண்டிவிட்டால் முதல் சந்திப்பு 15 வேலை நாளுக்குள், முழு மதிப்பீடு 120 நாளுக்குள் முடிய வேண்டும், அதனால் போன் பண்ணிய தேதியைக் குறித்துவையுங்கள், அன்றே ஒரு மின்னஞ்சலும் போடுங்கள். தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்றால் முதல் போனிலேயே கேளுங்கள், காசு கிடையாது. கூட்டத்தன்று பாட்டியைச் சோஃபாவில் உட்கார வைப்பதா, கோயிலுக்கு அனுப்பிவிடுவதா என்பது உங்கள் பாடு.